துருசுக்கு நூறு

படிவத்தில் ஒரேயொரு கோடு விட்டிருந்தார்கள்:
எதனுடைய ஆண்டு நிறைவு?
குகதாசன் பேனை மூடியைக் கடித்துக்கொண்டிருந்தான்.
வன்னியில் ஆண்டு நிறைவுக்கா பஞ்சம்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு விசாரணை இருக்கிறது.
கடைசியில் நான்தான் சொன்னேன்,
துருசை எழுது.

பாலைமோட்டைக் குளத்துத் துருசு.
இரும்பிலேயே ஆண்டை வார்த்திருக்கிறார்கள்.
நூறு வயது. ஒரு கட்சியிலும் இருந்ததில்லை.
கொழும்பு ஒப்புக்கொண்டது.

மூன்று நாளுக்கு ஒரு விசேட அழைப்புக்குறி:
நாலு எஸ் நூறு ரி.
எங்களுக்கு ரி என்றால் துருசு,
உலகத்துக்கு ரங்கோ.

தலையில்லாத பனையில் றெஜினோல்ட் ஏறினான்.
பனையிலிருந்து பம்ப் கொட்டில் வரைக்கும் வயர்.
அரை மணித்தியாலத்தில் ஆமிக்காரன் ஒருவன்
சைக்கிளில் வந்து இறங்கினான்.
என்ன வயர் என்றான்.
துருசைப் பற்றி உலகத்துக்குச் சொல்ல என்றோம்.
வயரைப் படம் எடுத்தான், எங்களைப் படம் எடுத்தான்,
பிறகு கட்டில் ஏறித் துருசையும் பார்த்தான்.
பொலன்னறுவையாம்.
எத்தனை அங்குலம் திறப்பீர்கள் என்று கேட்டான்.
போகத்துக்குப் போகம் மாறும் என்றேன்.
அங்கேயும் அப்படித்தான் என்றான்.
அதை அவன் அறிக்கையில் எழுதினானோ தெரியாது.

பேச முன்னம் ஒரு விதி உண்டு.
இந்த அலைவரிசையில் யாராவது இருக்கிறீர்களா
என்று கேட்க வேண்டும். காத்திருக்க வேண்டும்.
இன்னொருதரம் கேட்க வேண்டும்.
பதில் இல்லையென்றால் இடம் உன்னுடையது.
குகதாசன் வாசித்துவிட்டுச் சிரித்தான்:
நாங்கள் முகாமில் இருக்கும்போது
எங்கட காணியிட்டையும் இப்பிடித்தான் கேட்டிருப்பாங்கள்.

ஒசாக்கா வந்தது. கசான் வந்தது.
அரபிக்கடலில் ஒரு கப்பல் சமையற்காரன் வந்தான்.
எல்லோரும் ஐம்பத்தொன்பது என்றார்கள்,
தெளிவு ஐந்து, பலம் ஒன்பது.
அரைகுறையாய்க் கேட்டாலும் ஐம்பத்தொன்பதுதான்.
செத்தவீட்டில் சுகமா என்று கேட்பதுபோல
அது ஒரு மரியாதை.

உருகுவேயில் ஒருவருக்குத் துருசு விளங்கவில்லை.
எழுத்தெழுத்தாய்ச் சொன்னேன். இரைச்சல் தின்றது.
தண்ணீருக்கு ஒரு கதவு என்றேன்.
இப்போது திறந்திருக்கிறதா?
இல்லை, சிறுபோகக் கூட்டம் இன்னும் முடியவில்லை.
அடுத்த கிழமை திறப்போம்.
அப்படியென்றால் அடுத்த கிழமையும் கூப்பிடுகிறேன்.
அடுத்த கிழமை இந்தப் பெயர் எங்களுக்கு இல்லை
என்று சொல்லுமுன் அவர் மங்கிப் போனார்.

பதிவேட்டில் உலக நேரம்தான் எழுத வேண்டும்.
எங்கள் நடுச்சாமம் அதில் மாலை ஆறரை.
அதன் நடுச்சாமத்தில் அனுமதி முடியும்,
எங்களுக்கு விடிய ஐந்தரை.

மூன்றாம் இரவு.
பெடியள் உழவு மிசின் பெட்டிக்குள் நித்திரை.
பற்றரி பதினொரு வோல்ற்றுக்கு இறங்கிவிட்டது.
இன்னும் பத்து நிமிடம்.
புதிதாய் ஓர் இடம் பிடித்து
விதிப்படி ஆங்கிலத்தில் கேட்டேன்.
இரைச்சல்.
இரண்டாவதுதரம் வாய் தன்பாட்டில் சொன்னது:
ஆராவது இருக்கிறியளா?

நேசராசாவும் இப்படி ஒரு பெட்டிக்கு முன்னால்தான்
கடைசியாய் இருந்தவன்.
அவனுடைய அழைப்புக்குறி எந்தப் புத்தகத்திலும் இல்லை.
பதிவு இல்லாத நிலையத்தோடு பேசக்கூடாது,
பரீட்சையில் அந்தக் கேள்விக்கு
நான் சரியாய் விடை எழுதியிருந்தேன்.

காத்திருந்தேன்.
விதி சொன்னதைவிடக் கொஞ்சம் கூட.
கட்டில் ஒரு மயில் கத்தியது, அது கணக்கில் இல்லை.
ஊசி மூன்றில் நின்று நடுங்கியது.

பதில் இல்லை. இனி இடம் என்னுடையது.

நான் எடுக்கவில்லை.
குமிழைத் திருப்பி
இரண்டு கிலோஹேர்ட்ஸ் தள்ளிப் போய்
அங்கிருந்து கூப்பிட்டேன்.
காவல் இருந்தவன்போல ஒரு பல்கேரியன் பாய்ந்து வந்தான்,
ஐம்பத்தொன்பது,
ஐம்பத்தொன்பது.